கொலுசு கழுவும் தொட்டியில் நொச்சி இலையா?

(காட்சி: கையில் ஒரு பழைய வெள்ளிக் கொலுசு)

சேலத்துக்காரர்களுக்குக் கொலுசைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சலங்கை இடுக்கில் ஏறிய அழுக்கு எந்த பிரஷ்ஷுக்கும் மசியாது. அதைச் சின்னத் தண்ணீர்த் தொட்டி ஒன்றில் போட்டு சுவிட்சைத் தட்டினால், 'ஙொய்'யென்று சத்தம் வரும், அழுக்கு புகை மாதிரி கிளம்பும். மூலிகை இலையிலிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட் பிரிக்கவும் ஆய்வகங்களில் இதே அல்ட்ராசோனிக் தொட்டிதான்!

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால்? எலக்ட்ரானுக்கு ஜோடி இல்லாமல் வம்பு செய்யும் மூலக்கூறான ஃப்ரீ ராடிக்கலுக்குத் தன் எலக்ட்ரானைக் கொடுத்து அடக்கும் பொருள். இன்றைக்கு இது போதும்.

நிழலில் காய்ந்த நொச்சி இலைப் பொடியை எடுத்துக்கொள்வோம். சாறு இறக்க எத்தனாலில் (ஆல்கஹால்) ஓரிரு நாள் ஊறப்போடலாம், பொறுமை இருந்தால். தண்ணீரில் கொதிக்க வைத்தால் பாட்டியின் கஷாயம்.

சரி, சாறு இறக்கும் இன்னொரு வழியான சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவிக்கு வருவோம். எனக்குப் பிடித்த கூத்து இதுதான். ஏற்காட்டுக் காப்பித்தூளை ஃபில்டரில் போடுகிறீர்கள், டிகாஷன் இறங்குகிறது. அதன் அடியில் அடுப்பைப் பற்றவைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவி மட்டும் மேலேறி, குளிர்ந்து, தெளிந்த நீராக அதே தூள் மேல் சொட்டுகிறது. நிரம்பியதும் சைஃபன் என்ற வளைந்த குழாய் வழியே மொத்தமும் மடக்கென்று கீழே. மறுபடி, மறுபடி, மணிக்கணக்காக! ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் 1879-ல் இதை உருவாக்கியது எதற்குத் தெரியுமா? பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அளக்க. கொழுப்புக்கு அது சரி. இலைச்சாறோ அத்தனை நேரமும் கீழே கொதித்துக்கொண்டே கிடக்கும். ஆறு மணி நேரம் அடுப்பில் கிடந்த டிகாஷனை உங்கள் வீட்டில் யாராவது குடிப்பார்களா? எடை நிறையத் தேறும். சூடு தாங்காத சரக்கு பாதி கெட்டிருக்கும்.

கொலுசுத் தொட்டி நொடிக்கு 20,000 முறைக்கு மேல் அதிரும். நீரில் நுண்குமிழிகள் உண்டாகி உடையும். அழுக்கைக் கிளப்பும் அந்த உடைப்பே இலையின் செல் சுவரையும் கிழிக்கும். அரை மணி நேர வேலை. தொட்டி சூடேறும், ஐஸ் கைவசம் இருக்கட்டும். எத்தனாலோடு கொஞ்சம் தண்ணீர் கலந்தால் இன்னும் நன்றாக இறங்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

(காட்சி: இரண்டு சோதனைக் குழாய்கள்)

சாற்றின் வீரியத்தைச் சோதிக்க டிபிபிஹெச் (DPPH) என்ற ஃப்ரீ ராடிக்கல். அதன் கரைசல் கத்தரிப்பூ நிறம். சாறு விட்டதும் மஞ்சளாக வெளுக்கிறது பாருங்கள். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு வீரியம். வெளுப்பைக் கருவியில் 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளப்பார்கள்.

அடுத்து எந்த இலை? கமென்டில் சொல்லுங்கள். முடவாட்டுக்கால் என்று மட்டும் எழுதாதீர்கள் மக்களே, அது கிழங்கு!