அலையடிக்கும் பாறையில் கொட்டலசு

அவையோருக்கு வணக்கம். படகின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்தவர்கள் இங்கே இருந்தால், கொட்டலசு என்றதுமே கையில் பட்ட கீறல்கள்தான் நினைவுக்கு வரும். படகிலும் பாறையிலும் ஒட்டி வாழும், ஓடு மூடிய சின்ன உயிர் அது; ஆங்கிலத்தில் பார்னக்கிள் என்பார்கள். பார்வைக்குச் சிப்பி போல இருந்தாலும் அது இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. 1830-இல் ஜான் வாகன் தாம்ப்சன் என்ற இயற்கையியலாளர் நீந்தித் திரியும் அதன் குஞ்சைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் இதை ஆராய்வதிலேயே உட்கார்ந்தார். அது வீண் உழைப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் பேச வந்தது வட அமெரிக்காவின் பசிபிக் கரையைப் பற்றி. பெருங்கடல் அலை நேராக வந்து மோதும் பாறைகள் அங்கே உண்டு. சாப்பாட்டை அலையே கொண்டுவந்து விடுகிறது. பற்றாக்குறை எல்லாம் இடத்துக்குத்தான்.

கடைசிப் பருவக் குஞ்சு எதையும் தின்னாது. உடம்பில் சேர்த்து வைத்ததைக் கொண்டே, உணர்கொம்புகளால் பாறையைத் தடவித் தடவி நடக்கும். பக்கத்தில் தன் இனம் இருக்கிறதா என்றும் தேடும். ஒட்டிவிட்டால் நகர முடியாதே, துணை எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். இடம் பிடித்துப்போனால் தலையைப் பாறையில் பதித்துப் பசையால் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆயுள் முழுக்கத் தலைகீழாகத்தான். கால்களை விசிறி போல வெளியே விரித்து, மிதந்து வரும் நுண்ணுயிர்களை வாரி உள்ளே இழுக்கும்.

அந்தக் கால்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கனடாவின் வான்கூவர் தீவிலுள்ள பார்க்லி சவுண்ட் என்ற கடற்பகுதியில், அமைதியான உள்கரையில் வாழும் பலானஸ் கிளாண்டுலா என்ற கொட்டலசு இனத்துக்குக் கால்கள் நீளம், மெலிவு. அதே இனம் அலை அறையும் பாறையில் இருந்தால் கால்கள் குட்டை, தடிமன். நீண்ட கால்களை அலை மடக்கிவிடும் அல்லவா? ஒன்றை இடம் மாற்றி வைத்தால், தோலுரித்து வளரும்போது புது இடத்துக்கு ஏற்ற கால்களை வளர்த்துக்கொள்கிறது. இணையும் உறுப்பும் அப்படியே, அலை மிகுந்த இடத்தில் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கும் என்று 2008-இல் நியூஃபெல்ட், பால்மர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். நகர முடியாத ஓர் உயிர் தன் உடம்பையே இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்வது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

சரி, இடச் சண்டைக்கு வருவோம். வாஷிங்டன் மாநிலத்தின் முக்காவ் விரிகுடாவில் 1963 ஜூனில் ராபர்ட் பெய்ன் என்ற சூழலியலாளர் ஒரு வேலை செய்தார். 8 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமுமான பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை எல்லாம் எடுத்தெறிந்தார், திரும்ப வந்தவற்றையும் விடவில்லை. செப்டம்பருக்குள் அந்த இடத்தில் 60 முதல் 80 சதவீதம் கொட்டலசு பிடித்துவிட்டது. வெற்றிதானே என்று தோன்றும். மறு ஜூனில் ஆளிச் சிப்பிகள் வேகமாக வளர்ந்து கொட்டலசை நெருக்கித் தள்ளத் தொடங்கின. கடைசியில் 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 தான் மிஞ்சின. ஆளியைத் தின்று தின்று மற்ற உயிர்களுக்கு இடம் விட்டு வைத்ததே நட்சத்திர மீன்தான்.

இப்படி இடம் விட்டு வைக்கும் வேலையில் அலைக்கும் பங்கு உண்டு. அந்தக் கரையில் மிதக்கும் மரக்கட்டைகளை அலை தூக்கிவந்து பாறையில் அடிக்கும். அடிபட்ட இடத்தில் ஆளிப் படுகை பெயர்ந்து வெறும் பாறை தெரியும். கொட்டலசும் நசுங்கும்தான். ஆனால் அடுத்த பருவத்துக் குஞ்சுகளுக்குக் கால் ஊன்ற இடம் கிடைப்பது அந்த வெறும் பாறையில்தான்.