இரண்டு சிம்மும் ஒரு காப்புரிமையும்

நேயர்களுக்கு வணக்கம்.

கையில் போன் இருந்தால் ஸ்டார், ஹாஷ், பூஜ்ஜியம், ஆறு, ஹாஷ் என்று அழுத்திப் பாருங்கள். இரண்டு சிம் போடுகிற போன் என்றால் திரையில் 15 இலக்க எண்கள் இரண்டு தெரியும். கருவியை அடையாளம் காட்டும் ஐ.எம்.இ.ஐ. எண் என்பது இதுதான். நம் கையில் இருப்பது ஒரே போன். மொபைல் நிறுவனங்களின் கணக்கிலோ அது இரண்டு கருவி. ஒரு நிறுவனத்தின் டவரில் ஒரு கருவியாகவும், மற்றொரு நிறுவனத்தின் டவரில் வேறொரு கருவியாகவும் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது.

இன்றைக்கு இதை யாரும் ஒரு பெரிய விஷயமாக நினைப்பதில்லை. ஆனால் இந்த வசதிக்குக் காப்புரிமை, அதாவது பேட்டன்ட், கேட்டு நம் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் விண்ணப்பித்தார், பெற்றார், பிறகு இழந்தார். அந்த வழக்கைச் சொல்லி, இப்படிப்பட்ட விண்ணப்பங்களைக் காப்புரிமை அலுவலகம் எப்படிப் பரிசோதிக்கிறது என்று விளக்கத்தான் வந்திருக்கிறேன். காப்புரிமை என்றாலே வக்கீல்களின் சமாசாரம் என்று நம் பொறியாளர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த ஒதுக்கத்தால் நஷ்டப்படுவது அவர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

2002 மார்ச் மாதம். மதுரையைச் சேர்ந்த ஒருவர் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுக்கிறார். வெவ்வேறு நெட்வொர்க்குகளுக்கான பல சிம் கார்டுகளை ஒரே மொபைல் போனில் பயன்படுத்துவது பற்றிய விண்ணப்பம். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். நமக்கு வருகிற அழைப்புக்கும் நாமே காசு கொடுத்த காலம் அது. 2003-ல்தான் அது மாறியது. அலுவலகத்துக்கு ஒரு போன், வீட்டுக்கு ஒரு போன் என்று இரண்டைச் சுமந்தவர்கள் நிறையப் பேர். அந்தத் தேவையை 2002-லேயே கண்டுகொண்டு எழுதியவரின் கூர்மையை நான் மதிக்கிறேன்.

2008-ல் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. எண் 214388. நம் சந்தையில் இரண்டு சிம் போன்கள் பெருகத் தொடங்கிய நேரமும் அதுதான். இறக்குமதிப் பொருள்களில் அறிவுசார் சொத்துரிமையைக் காக்க 2007-ல் வந்த விதிகளின்படி அவர் சுங்கத்துறையிடம் போனார். வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு சிம் போன்கள் விமான நிலையங்களில் தடுக்கப்பட்டன. வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போயின. காப்புரிமையையே ரத்து செய்யக் கோரி ஸ்பைஸ், சாம்சங் போன்ற நிறுவனங்கள் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தை அணுகின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய அந்த வாரியம் 2012 ஜூன் மாதம் காப்புரிமையை ரத்து செய்தது. (2021-ல் அந்த வாரியமே கலைக்கப்பட்டு, அதன் வேலை உயர் நீதிமன்றங்களுக்குப் போய்விட்டது.)

ஏன் ரத்தானது? அதைப் புரிந்துகொள்ள, காப்புரிமைப் பரிசோதகர் எதைப் படிக்கிறார் என்று தெரிய வேண்டும். விண்ணப்பத்தில் முப்பது பக்கம் விளக்கம் இருக்கலாம், படங்கள் இருக்கலாம். கடைசியில் எண் போட்ட சில வாக்கியங்கள் வரும். அவற்றுக்குப் பெயர் உரிமைக்கோரல்கள். ஆங்கிலத்தில் கிளெய்ம் என்பார்கள். எனக்கு இன்ன எல்லை வரை உரிமை வேண்டும் என்று விண்ணப்பதாரர் கோடு போட்டுக் காட்டுகிற இடம் அது. பரிசோதகர் அந்த வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் விண்ணப்பத் தேதிக்கு முன்னால் உலகில் எங்காவது வெளிவந்திருக்கிறதா என்று தேடுவார். எல்லாத் துண்டும் ஒரே ஆவணத்தில் கிடைத்துவிட்டால் புதுமை போயிற்று. சில இங்கே, சில அங்கே என்று கிடைத்தால் அடுத்த கேள்வி வரும்: துறை அறிந்த ஒரு சாதாரணப் பொறியாளருக்கு இவற்றைச் சேர்க்கத் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கும் என்றால், சட்டம் கேட்கிற கண்டுபிடிப்புப் படிநிலை அங்கே இல்லை.

மதுரை விண்ணப்பத்தின் முதல் உரிமைக்கோரலில் இருந்தவை: ஒன்றுக்கு மேற்பட்ட சிம் செருகிகள், ஒன்றுக்கு மேற்பட்ட இயர்போன் துளைகள், வெவ்வேறு சிம்முக்கு ஒதுக்கிய புளூடூத் கருவிகள். இதை வைத்து ஒரே போனில் ஒரே சமயத்தில் வெவ்வேறு நெட்வொர்க்குகளில் பேசலாம் என்பது கருத்து. சிம் செருகி தெரிந்த பொருள்தான். இயர்போன் துளையும் அப்படியே, புளூடூத்தும் அப்படியே. இவற்றை ஒன்றுக்கு மேல் வைக்கிறேன் என்றால், அப்படி வைக்கும்போது எழுகிற சிக்கல் என்ன, அதை எப்படித் தீர்த்தேன் என்று கோரலில் இருக்க வேண்டும். அது போதுமான அளவு இல்லை. படிநிலை இல்லை என்பதுதான் ரத்துத் தீர்ப்பின் மையம். இன்னொன்றும் உண்டு: ஃபின்லாந்தைச் சேர்ந்த பெனிஃபோன் நிறுவனம் 2000-லேயே ட்வின் என்ற பெயரில் இரண்டு சிம் போன் ஒன்றை வெளியிட்டிருந்தது. இரண்டு சிம் என்ற எண்ணம் மட்டும் 2002-ல் யாருக்கும் சொந்தமாகியிருக்க முடியாது.

சிக்கல் இல்லாத இடமா இது? இல்லவே இல்லை. பழைய ரேடியோப் பெட்டியின் முள்ளை ஒரே நேரத்தில் இரண்டு நிலையங்களில் வைக்க முடியாதல்லவா, நம்மிடம் இருக்கும் பெரும்பாலான இரண்டு சிம் போன்களின் நிலையும் அதுதான். இரண்டு சிம்முக்கும் சேர்த்து ரேடியோப் பகுதி ஒன்றுதான் இருக்கும். ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றொரு எண்ணுக்கு அழைத்தவர்களுக்குத் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று பதில் கேட்பது இதனால்தான்.

பேசாமல் சட்டைப்பையில் கிடக்கும்போதும் போன் தூங்கிவிடுவதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில், பெரும்பாலும் 1.28 வினாடிக்கு ஒரு முறை, கண் விழித்து டவர் தன்னைக் கூப்பிடுகிறதா என்று கவனிக்கும். பேஜிங் என்பது இந்தக் கூப்பாடு. எந்தக் கணத்தில் விழிக்க வேண்டும் என்பதை 4ஜி நெட்வொர்க் சிம்மில் இருக்கும் சந்தாதாரர் எண்ணை வைத்துக் கணக்கிடுகிறது. அந்த எண் மாறாது. உங்கள் இரண்டு சிம்களின் கணக்கும் தற்செயலாக ஒரே கணத்தில் வந்து விழுந்தால் என்ன ஆகும்? போன் ஒரு நெட்வொர்க்கைக் கேட்கும், மற்றதைத் தவறவிடும். அடுத்த முறையும் அதே மோதல், அதற்கடுத்த முறையும் அதே. இரண்டு நிறுவனங்களுக்கும் ஒன்றைப் பற்றி ஒன்றுக்குத் தெரியாது. தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருப்பதாகவே இரண்டும் நினைத்துக்கொண்டிருக்கும்.

உலகின் மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு இதற்குத் தீர்வை 2022-ல் முடிவான தன் 17-ஆம் வெளியீட்டில்தான் சேர்த்தது. 4ஜியில் போன் நெட்வொர்க்கிடம் பேசி, கணக்குக்கு ஓர் எண் இடப்பெயர்ச்சியை வாங்கிக்கொள்ளும். விழிக்கும் கணம் தள்ளிப்போகும். 5ஜியில் தற்காலிக அடையாள எண்ணை வைத்துக் கணக்கிடுவதால், நெட்வொர்க் புதிய தற்காலிக எண் கொடுத்தாலே போதும். ஒரு சிம்மில் வேலையாக இருக்கும் போன் மற்றொரு நெட்வொர்க்குக்கு இப்போது வர இயலாது என்று பதில் சொல்லவும், வருகிற கூப்பாடு குரல் அழைப்புக்கா வேறு எதற்காவதா என்று முன்கூட்டியே அறியவும் அந்த வெளியீட்டில் வழி இருக்கிறது.

பரிசோதகரின் மேசையில் இந்த விஷயம் எப்படி வந்து உட்காரும் என்று பாருங்கள். இரண்டு நெட்வொர்க்குகளின் பேஜிங் மோதாமல் தவிர்க்கும் மொபைல் கருவி என்று ஒருவர் கோரல் எழுதுகிறார். இது ஒரு விருப்பம். மோதக் கூடாது என்று எல்லோருக்கும்தான் ஆசை. இன்னொருவர் எழுதுகிறார்: கருவி இரண்டு கணக்குகளையும் ஒப்பிட்டு மோதலைக் கண்டறிகிறது, முதல் நெட்வொர்க்குக்கு இன்ன செய்தியில் இடப்பெயர்ச்சி கேட்கிறது, ஒப்புதல் வந்ததும் விழிக்கும் கணத்தை மாற்றுகிறது, வராவிட்டால் இரண்டாவது நெட்வொர்க்கை நாடுகிறது. இது ஒரு வழி. பரிசோதகர் இதில் தேட முடியும், ஒப்பிட முடியும். ஒவ்வொரு படியும் ஏற்கெனவே யாராவது சொன்னதா என்று அடி அடியாகப் போக முடியும்.

இந்தத் தேடல்தான் வேலையில் கடினமானது. மொபைல் துறையில் முன்னறிவு, அதாவது விண்ணப்பத் தேதிக்கு முன்பே வெளிவந்த தகவல், காப்புரிமை ஆவணங்களில் மட்டும் கிடப்பதில்லை. 3ஜிபிபி கூட்டங்களுக்கு நிறுவனங்கள் கொண்டுவரும் முன்மொழிவுகள் ஆயிரக்கணக்கில் பொதுவெளியில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, வெளிவந்த தேதி உண்டு. விண்ணப்பத் தேதிக்கு இரண்டு நாள் முன்பு ஏற்றப்பட்ட ஒரு நான்கு பக்க ஆவணம் ஒரு பெரிய நிறுவனத்தின் கோரலைச் சாய்த்துவிடலாம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் இந்தத் தரநிலை ஆவணங்களைத் தன் தேடல் தொகுப்பிலேயே சேர்த்து வைத்திருக்கிறது. நம் பரிசோதகர்களுக்கும் அந்த வசதியும், அதைவிட முக்கியமாக, உட்கார்ந்து படிக்க நேரமும் கிடைக்க வேண்டும். இந்த ஆவணங்களை அவசரத்தில் புரட்டினால் அகப்படாது. பரிசோதனையில் நழுவிய ஒன்று பல வருடம் கழித்து நீதிமன்றத்தில் வெளிவந்தால் காப்புரிமை வைத்திருப்பவருக்கும் சேதம், அவரை எதிர்த்தவருக்கும் சேதம்.

ஐரோப்பா என்றதும் ஒரு தீர்ப்பைச் சொல்லாமல் போக மனமில்லை. மதுரை விண்ணப்பம் வந்த அதே 2002-ல், செப்டம்பர் 26-ஆம் தேதி, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் கோம்விக் என்ற ஸ்வீடன் மொபைல் நிறுவனத்தின் வழக்கில் முடிவு சொன்னது. வழக்கு எண் டி 641/00. விஷயம் என்ன தெரியுமா? ஒரே சிம்மில் இரண்டு சந்தாதாரர் அடையாளங்கள். அலுவலக அழைப்புக்கு ஒன்று, சொந்த அழைப்புக்கு ஒன்று. செலவைப் பிரித்துக் கணக்குப் போடலாம். வாரியம் சொன்னதன் சாரம் இது: செலவை யார் ஏற்பது என்பது தொழில்நுட்பக் கேள்வி இல்லை. அந்தத் தேவையைப் பொறியாளரிடம் கொடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொண்டு, அதை நிறைவேற்ற அவர் செய்ததில் புத்திசாலித்தனம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். அன்றைய ஜிஎஸ்எம் என்ற மொபைல் தரநிலையைப் படித்த பொறியாளருக்கு அது தோன்றக்கூடியதே என்று கோம்விக்கின் மேல்முறையீடு தள்ளுபடியானது. தொழில்நுட்பமும் வணிக நோக்கமும் கலந்து வரும் விண்ணப்பங்களை ஐரோப்பாவில் இன்றுவரை இந்த அளவுகோலை வைத்தே பரிசோதிக்கிறார்கள்.

நம் சட்டத்தில் இதற்குப் பக்கத்தில் நிற்பது 3(கே) பிரிவு. கணித முறை, வணிக முறை, தன்னளவில் வெறும் கணினி நிரல், அல்காரிதம் ஆகியவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. எந்த நெட்வொர்க் மலிவோ அதற்கு மாறுவது என்று மட்டும் எழுதினால் இந்தப் பிரிவில் மாட்டிக்கொள்வது நிச்சயம். ஆனால் நிரல் என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் நிராகரிப்பதும் தவறு. 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தொழில்நுட்ப விளைவு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. நெட்வொர்க் மாறும் நேரத்தில் அழைப்பு அறுபடாமல் காக்கிறது, பேட்டரி குறைவாகச் செலவாகிறது, பேஜிங் தவறுவதில்லை என்றெல்லாம் காட்ட முடிந்தால் அது தொழில்நுட்ப விளைவுதான். இந்தத் தீர்ப்பு நல்ல திசையில் போயிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். இன்றைய வயர்லெஸ் கருவியில் புத்திசாலித்தனத்தின் பெரும்பகுதி நிரலில்தான் இருக்கிறது. அதை விலக்கிவிட்டால் மிச்சம் அதிகம் இல்லை.

சரி, கல்லூரி ஆய்வகத்திலோ சின்ன நிறுவனத்திலோ இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களுக்கு நடைமுறையைச் சொல்கிறேன். விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியிடப்படும். தானாகப் பரிசோதனைக்குப் போகாது, நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும். அதற்கான கெடு முன்பு 48 மாதமாக இருந்தது, 2024-ல் விதிகள் திருத்தப்பட்ட பின் புதிய விண்ணப்பங்களுக்கு 31 மாதம். பிறகு முதல் பரிசோதனை அறிக்கை வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆட்சேபணை இல்லாத அறிக்கை அபூர்வம். பதில் கொடுக்க ஆறு மாதம், கேட்டால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். தேவைப்பட்டால் காப்புரிமை அலுவலகத்தின் கட்டுப்பாட்டாளர் முன்னால் விசாரணையும் நடக்கும்.

இந்தக் கட்டத்தில் எத்தனையோ பேர் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். பரிசோதகர் ஒரு பழைய ஆவணத்தைக் காட்டுகிறார். அதிலிருந்து விலகி நிற்கிற நுட்பம் விண்ணப்பதாரரின் மண்டையில் இருக்கிறது, ஆய்வகத்தில் ஓடிக்கொண்டும் இருக்கிறது, விண்ணப்பத்தில் மட்டும் இல்லை. சட்டத்தின் 59-ஆம் பிரிவு இந்த இடத்தில் கறாரானது. கோரலைக் குறுக்கலாம், தெளிவுபடுத்தலாம். முதலில் எழுதாத புதிய விஷயத்தை உள்ளே கொண்டுவர முடியாது.

அதனால் முதலில் ஒரு தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பின் முதல் கட்ட விளக்கத்தைக் கொடுத்துத் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழு விவரக்குறிப்புக்குப் பன்னிரண்டு மாதம் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு மாதத்தில் போனைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு நெட்வொர்க் பதில் தராதபோது உங்கள் கருவி என்ன செய்கிறது, இரண்டும் ஒரே கணத்தில் கூப்பிட்டால் எதை எடுக்கிறது, எந்த அளவீட்டை வைத்து முடிவு செய்கிறது, சிக்னல் குறைந்தால் என்ன என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். இப்படி எழுதிப் பழக, வேறு விண்ணப்பங்களைப் படிப்பதுதான் நல்ல வழி. வெளியான இந்திய விண்ணப்பங்களையும், பல கோப்புகளில் பரிசோதனை அறிக்கையையும் அதற்கு வந்த பதிலையும்கூட, காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் துறையில் நான்கைந்து கோப்புகளை எடுத்து, பரிசோதகரின் ஆட்சேபணையையும் விண்ணப்பதாரரின் பதிலையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

நன்றி. வணக்கம்.