முதலில் மவுண்ட், பிறகுதான் ஸ்கோப்

நேயர்களுக்கு வணக்கம்.

திருச்சியில் ரைஃபிள் பயிற்சி தருகிறவன் நான். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஏர் ரைஃபிள் வாங்கிய கையோடு அவர்கள் கேட்பது, "எந்த ஸ்கோப் சார் போடலாம்?" என்பதுதான். துப்பாக்கியின் மேல் மாட்டிக் குறிபார்க்கிற தொலைநோக்கிதான் ஸ்கோப். "முதல்ல துப்பாக்கியைக் கொண்டு வாங்க" என்பேன். ஸ்கோப்புக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு, அதைப் பிடித்து நிறுத்துகிற மவுண்டை நூறு இருநூறில் முடித்துக்கொள்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. குறி நேற்று ஓரிடம், இன்று ஓரிடம் என்று என்னிடம் வருகிற துப்பாக்கிகளில் பெரும்பாலும் கண்ணாடி நன்றாகவே இருக்கும். ஆட்டம் மவுண்டில்தான்.

பிள்ளையைப் போட்டிக்கு அனுப்புகிற எண்ணம் இருந்தால் ஸ்கோப்பே வேண்டாம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் அதற்கு அனுமதி கிடையாது. பின்னால் ஒரு சின்னத் துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். பத்துப் புள்ளி தருகிற நடுப்பொட்டின் விட்டமே அரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்து ஒலிம்பிக் வரை போன இளவேனில் வாலறிவன் சுடுவதும் அந்தத் துளை வழியாகப் பார்த்துத்தான்.

பொழுதுபோக்காக அட்டையில் சுடுகிறவர்களுக்கு இனிச் சொல்கிறேன். அட்டையில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வயலில் நிற்கிற மடையானையும் கொக்கையும் சுட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.

நம்மூர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது, குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுகிற ஏர் ரைஃபிள். இதற்கு ஒரு விசித்திர குணம். விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்கிறது, அதனால் துப்பாக்கி பின்னால் நகர்கிறது. பிஸ்டன் போய் முட்டி நின்றதும் துப்பாக்கி சட்டென்று முன்னால் குதிக்கிறது. ஒரே வெடியில் இரண்டு திசையிலும் உதை. பெரிய வேட்டைத் துப்பாக்கியின் உதையைத் தாங்குகிற ஸ்கோப்கூட இதில் உடைந்துபோவதுண்டு, ஏனென்றால் அது ஒரு பக்க உதைக்குத்தான் தயார் செய்யப்பட்டது. மவுண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நழுவும். ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கிற வளையத்தை ரிங் என்பார்கள். ஆகவே ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இரண்டு தனித்தனி ரிங்குகளைவிட, இரண்டு ரிங்கும் சேர்ந்த ஒரே துண்டு மவுண்டைத்தான் நான் சொல்வேன். அடியில், மவுண்ட் நழுவாமல் தடுக்கிற நிறுத்து ஊசி இருக்க வேண்டும். துப்பாக்கியின் மேல்பக்கம், பின்புறமாக, ஒரு சின்னக் குழி இருக்கிறதா பாருங்கள். ஊசி அதில் உட்கார வேண்டும். குழி இல்லையென்றால் மவுண்டுக்குப் பின்னால் தனியாக ஒரு தடைக்கட்டை மாட்டலாம். காற்றை முன்கூட்டியே அடைத்துவைத்துச் சுடுகிற வகையில் இந்தத் தொல்லை இல்லை, இரண்டு துண்டு ரிங்கே போதும்.

அடுத்து, மவுண்ட் எதைப் பிடிக்கப் போகிறது? ஏர் ரைஃபிளின் மேல் நீளவாக்கில் இரண்டு காடி வெட்டியிருக்கும். டவ்டெயில் என்பார்கள். அகலம் 11 மில்லிமீட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சிலதில் ஒன்பதரைதான் இருக்கும். வெர்னியர் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ராணுவத் துப்பாக்கிகளில் பார்க்கிற, பல் பல்லாக வெட்டிய பட்டை பிகாட்டினி. அமெரிக்க ராணுவம் 1995இல் அதற்கு அளவு வகுத்தது. அதற்கு மூத்தது வீவர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் பிகாட்டினியின் குறுக்குக் காடி 5.23 மில்லிமீட்டர் அகலம், வீவரின் காடி 4.57. வீவர் ரிங் பிகாட்டினியில் உட்கார்ந்துவிடும். பிகாட்டினி ரிங் வீவரில் உட்காராமல் போகலாம். ஸ்கோப் குழாயின் விட்டம் 25.4 மில்லிமீட்டரா 30ஆ என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

உயரம் எவ்வளவு? முன்கண்ணாடி குழலில் இடிக்காத அளவுக்கு, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு. உயரமான மவுண்ட் பார்க்க மிடுக்காக இருக்கும், ஆனால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியாது. கன்னம் படியாவிட்டால் கண் ஒவ்வொரு தடவையும் வேறிடத்தில் நிற்கும். துப்பாக்கியைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் வருகிற பிழையும் உயரத்தோடு கூடும்.

மாட்டும்போது துப்பாக்கியின் மேல் ரசமட்டத்தை வைத்து நேராக்குங்கள். பிறகு எட்டத்தில் கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு அந்த நூலோடு ஒட்டும்வரை குழாயைத் திருப்புங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எட்டு, பத்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ரிங் திருகுகளை டிராக்டர் சக்கர நட்டு முடுக்குகிற மாதிரி எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஆலன் கீயின் குட்டைக் கையைப் பிடித்து முடுக்கினாலே போதும். நெட்டைக் கையைப் பிடித்தால் பலம் கூடிப்போய்க் குழாய் நசுங்கும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து நேயர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உப்புக்காற்றில் மலிவான திருகு சீக்கிரம் துருப்பிடிக்கும், தலை வழவழத்துப்போய்க் கழற்றவே வராது. முடுக்கி முடித்ததும் திருகையும் மவுண்டையும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை குறி தப்பினால் குறியைத் திருத்துகிற ஸ்கோப்பின் திருப்பியில் கை வைக்காதீர்கள். முதலில் அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

நன்றி, வணக்கம்.