மனத்துக்குள் ஓர் ஒத்திகை: விளையாட்டு வீரர்களின் மனக்காட்சிப் பயிற்சி

[காட்சி: நீருக்கடியிலிருந்து நீச்சல் குளம். தரையிலுள்ள கறுப்புக் கோடு மெல்ல மங்கி மறைகிறது.]

2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சல் இறுதிப்போட்டியில், அமெரிக்க வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இறுதிக் கட்டத்தில் எதிரிலிருந்த சுவர்கூட அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆயினும் அவர் பதறாமல், கைவீச்சுகளை எண்ணியபடியே நீந்திச் சென்று சுவரைத் தொட்டார். நேரம் 1 நிமிடம் 52.03 விநாடி, தங்கப் பதக்கம், உலக சாதனை. இளம் வயதிலிருந்தே அவருடைய பயிற்சியாளர் பாப் போமன், பந்தயம் முழுவதையும் இரவு உறங்கும் முன்பும் காலையில் விழித்ததும் மனத்தில் ஓட்டிப் பார்க்க அவரைப் பழக்கியிருந்தார். எதிர்பாராத இடையூறுகளும் அந்த ஒத்திகையில் இடம்பெற்றிருந்தன.

மனக்காட்சிப் பயிற்சி என்றதும், பதக்க மேடையில் நிற்பதாகக் கற்பனை செய்வது என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அந்தக் கற்பனை ஊக்கம் தரலாம். ஆனால் ஆட்டத் திறனை வளர்ப்பது அதுவன்று. செய்ய வேண்டிய செயலையே, அதற்குரிய வேகத்தில், உடலில் உணர்ந்தபடி மனத்துள் செய்து முடிப்பதுதான்.

[காட்சி: கூடைப்பந்து வீராங்கனை ஒருவர் கண்களை மூடி நிற்கிறார்.]

கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் தடுப்பின்றி வளையத்தை நோக்கி எறியும் வாய்ப்பில், பந்தை எறியப்போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பந்தின் சொரசொரப்பும் அதன் வரிப்பள்ளங்களும் விரல்நுனியில் உறைக்க வேண்டும். முழங்கால் மடிந்து நிமிரும்போது தொடையில் ஏறும் இறுக்கமும், மூச்சு வெளியேறும் கணமும், மணிக்கட்டு முன்னோக்கி மடியும்போது பந்து கடைசியாக எந்த விரலைத் தொட்டு விலகுகிறது என்பதும் மனத்தில் எழ வேண்டும். வளையத்தில் பந்து விழுவதை மட்டும் பார்ப்பவர், பிறர் ஆட்டத்தை வேடிக்கை பார்ப்பவரைப் போன்றவரே.

இவ்வாறு கற்பனை செய்யும்போது, இயக்கத்தைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் பலவும் உண்மையான அசைவின்போது இயங்குவதைப் போலவே இயங்குகின்றன. 1992இல் குவாங் யூவும் கெல்லி கோலும் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் சுண்டுவிரலை விலக்கும் தசையை 4 வாரங்கள் இறுக்கிப் பயிற்சி செய்தனர். அவர்களின் வலிமை 30 சதவீதம் கூடியது. இறுக்குவதாகக் கற்பனை மட்டுமே செய்தவர்களுக்கு 22 சதவீதம் கூடியது. எதுவும் செய்யாதவர்களுக்கு ஏறத்தாழ 4 சதவீதம்தான். தசை பருக்கும் முன்பே, அதற்கு மூளை அனுப்பும் கட்டளை வலுப்பெறுகிறது என்பதே இதற்கான விளக்கம். இந்த எண்களைக் கண்டு களப்பயிற்சியைக் கைவிட்டுவிடக் கூடாது. 22 என்பது 30ஐவிடக் குறைவுதான். களத்தில் உழைப்பவர் அதனுடன் சேர்த்துச் செய்வதற்கும், காயத்தால் ஓய்விலிருப்பவர் அசைவுகளை மறந்துவிடாமல் காப்பதற்கும் உரிய பயிற்சி இது.

[காட்சி: கோல்ஃப் பந்து குழியின் விளிம்பைத் தொட்டு விலகுகிறது.]

மனம் எதை ஒத்திகை பார்த்தாலும் அது உடலில் படியும். இங்குதான் மிகுந்த கவனம் தேவை. 1985இல் நடந்த ஓர் ஆய்வில், பந்து குழிக்கு மிக அருகில் வந்து தவறுவதாகக் கற்பனை செய்தவர்களின் ஆட்டம் உண்மையிலேயே மோசமானது. அப்படியானால் ஃபெல்ப்ஸ் இடையூறுகளைக் கற்பனை செய்தது தவறா? தவறில்லை. அவருடைய ஒத்திகை இடையூறோடு நின்றுவிடவில்லை. அதைச் சமாளித்து நீந்தி முடிப்பதுவரை சென்றது. தோல்வியில் காட்சியை நிறுத்துவதற்கும், சிக்கலைக் கடந்து செயலை முடிப்பதற்கும் இடையிலான இந்த வேறுபாட்டைப் பயிற்சியாளர்கள் தம் மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லித்தர வேண்டும்.

கண்ணை மூடினால் காட்சியே தோன்றாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அசைவின் உணர்வையும் தாளத்தையும் கொண்டும் ஒத்திகை பார்க்கலாம்.

[காட்சி: உள்ளங்கையில் ஒரு ஸ்டாப்வாட்ச்.]

உங்கள் ஒத்திகை எந்த அளவுக்கு உண்மையானது என்பதை இன்றே அளந்து பார்க்கலாம். கண்களை மூடி, ஸ்டாப்வாட்சை அழுத்தி, உங்கள் ஓட்டத்தையோ நீச்சலையோ மனத்துள் முழுமையாக முடித்ததும் நிறுத்துங்கள். களத்தில் 60 விநாடி எடுக்கும் தூரம் மனத்தில் 35 விநாடியில் முடிந்துவிட்டால், நடுவே சில பகுதிகளைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். பெரும்பாலும் அவை கால்கள் கனக்கத் தொடங்கும் பகுதிகளாகவே இருக்கும். அடுத்த முறை அங்கிருந்து தொடங்குங்கள்.