200 எம்எம் லென்ஸோட 2எக்ஸ் டெலிகன்வெர்ட்டர்: ஃபிலிம் கேமராவில் வரும் சந்தேகங்கள்

நேயர் ஒருத்தர் அனுப்பின கேள்வியை முதல்ல படிச்சிடறேன். "என்கிட்ட மேனுவல் ஃபோகஸ் ஃபிலிம் எஸ்எல்ஆர் இருக்கு. லென்ஸ் 200 எம்எம், எஃப் 4. 2எக்ஸ் டெலிகன்வெர்ட்டர் மாட்டினா வியூஃபைண்டர் இருட்டாயிடுது, நடு வட்டத்துல பாதி கருப்பாத் தெரியுது. கன்வெர்ட்டர் பழுதா? எக்ஸ்போஷரை நான் தனியா கூட்டணுமா? இல்ல, 200-லயே எடுத்துட்டு பிரிண்ட் போடும்போது பெருசு பண்ணிக்கிறது நல்லதா?"

பழுதெல்லாம் இல்லைங்க. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டுற இந்த 2எக்ஸ் கன்வெர்ட்டர் என்ன பண்ணுதுன்னா, லென்ஸ் உருவாக்குற படத்தோட நடுப்பகுதியை மட்டும் எடுத்து ஃபிரேம் முழுக்க விரிக்குது. அகலத்துல பாதி, உயரத்துல பாதி. அப்போ கால்வாசி வெளிச்சம்தான் முழு ஃபிரேமுக்கும் பரவுது. அதனாலதான் ரெண்டு ஸ்டாப் போகுது (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகுறது; எஃப் எண் கூடக் கூட வெளிச்சம் குறையும்). உங்க 200 எஃப் 4 இப்ப 400 எஃப் 8. இதுவே 1.4எக்ஸா இருந்தா 280 எஃப் 5.6, ஒரு ஸ்டாப்தான் போகும்.

நடுவுல இருக்கிற அந்த ஸ்ப்ளிட் இமேஜ் வட்டம் இருக்கே, அது பெரும்பாலும் எஃப் 5.6 வரைக்கும்தான் சரியா வேலை செய்யும். எஃப் 8-ல ஒரு பாதி கருத்துடும். கண்ணைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்க, கருப்பு அடுத்த பாதிக்கு மாறும். அதோட மல்லுக்கட்ட வேண்டாம். அதைச் சுத்தி இருக்கிற மேட் கண்ணாடியில படம் தெளிவாகுற இடத்தைப் பார்த்து ஃபோகஸ் பண்ணுங்க.

எக்ஸ்போஷர் விஷயத்துல ஒண்ணு கவனிக்கணும். கேமராவுக்குள்ள இருக்கிற டிடிஎல் மீட்டர், கன்வெர்ட்டரைத் தாண்டி வந்த வெளிச்சத்தைத்தான் அளக்குது. அதாவது அந்த ரெண்டு ஸ்டாப் இழப்பு மீட்டர் காட்டுற அளவுலயே அடங்கியிருக்கு. நீங்க மறுபடியும் கூட்டினீங்கன்னா ரெண்டு ஸ்டாப் ஓவர். கலர் நெகட்டிவ் ஓரளவு தாங்கிக்கும், ஸ்லைடு ஃபிலிம் தாங்காது, வெளுத்துடும். ஆனா கையில பிடிக்கிற மீட்டர் வெச்சோ, கணக்குப் போட்டோ எடுக்கிறவங்க கட்டாயம் சேர்த்துக்கணும். நல்ல வெயில்ல 400 ஐஎஸ்ஓ (ஃபிலிமோட வெளிச்ச உணர்திறன்) ஃபிலிமுக்கு எஃப் 16, 1/500-ன்னு வெப்போம் இல்லையா? கன்வெர்ட்டரோட லென்ஸ் வளையத்துல எஃப் 8 வெச்சாலே அது உண்மையில எஃப் 16. தன்னோட சென்சார்லயே வெளிச்சத்தை அளந்துக்கிற பழைய ஆட்டோ ஃபிளாஷுக்கும் இதே கணக்குதான், அதுக்குக் கன்வெர்ட்டர் இருக்கிறதே தெரியாது.

இப்ப மூணாவது கேள்வி. எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. 200-ல எடுத்து ரெண்டு மடங்கு பெருசாக்கினா நெகட்டிவோட கால்வாசியைத்தான் பயன்படுத்துறீங்க. லென்ஸோட குறையும் பெருசாகுது, ஃபிலிமோட கிரெய்னும் (படத்துல தெரியுற பொடிப்புள்ளி) பெருசாகுது. கன்வெர்ட்டர் போட்டா லென்ஸோட குறை மட்டும்தான் பெருசாகும், கிரெய்ன் அப்படியே இருக்கும். ஃபிலிம்ல கன்வெர்ட்டருக்கு இருக்கிற உண்மையான லாபம் இதுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதை மதிக்கிறேன்.

ஆனா அந்த லாபம் எல்லா நேரத்துலயும் கிடைக்காது. கையில பிடிச்சு எடுக்கிறீங்கன்னு வெச்சுக்குங்க. 400 எம்எம்முக்கு 1/500 வேணும். 200-ல எடுத்துப் பெருசாக்கினாலும் அதே 1/500 வேணும், ஏன்னா பிரிண்ட்ல கை நடுக்கமும் ரெண்டு மடங்காகும். இதைப் பல பேர் யோசிக்கிறதில்ல. ரெண்டுக்கும் ஷட்டர் ஒண்ணுதான்னா, எஃப் 4-ல 100 ஐஎஸ்ஓ ஃபிலிம் போதும்ங்கிற இடத்துல, கன்வெர்ட்டரோட எஃப் 8-க்கு 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் வேணும். அதோட கிரெய்ன் பெருசு. அப்போ கிரெய்ன்ல மிச்சம் பிடிச்சதை ஃபிலிம்லயே விட்டுடறீங்க. அந்த மாதிரி மங்கின வெளிச்சத்துல, ஓடுற பறக்குற விஷயத்துக்குக் கன்வெர்ட்டரைக் கழட்டி வெச்சுட்டு எடுங்கன்னுதான் சொல்வேன். வியூஃபைண்டராவது பளிச்சுன்னு இருக்கும்.

ட்ரைபாட் போட்டு, அசையாத பொருளை எடுக்கும்போது கதையே வேற. ஷட்டரைக் குறைச்சுக்கலாம், அதே 100 ஐஎஸ்ஓ ஃபிலிமை வெச்சுக்கலாம், கிரெய்ன் லாபம் முழுசா உங்களுக்குத்தான். லென்ஸையும் ஒரு ஸ்டாப் மூடி எஃப் 5.6-ல வையுங்க, ஓரத்துத் தெளிவு நல்லாவே கூடும். உண்மையான அளவு எஃப் 11 ஆயிடும், பரவாயில்ல. கேமராவைக் கையால அழுத்தாம ஷட்டரை இயக்குற கேபிள் ரிலீஸ் போடுங்க. கேமராவுக்குள்ள இருக்கிற கண்ணாடியை முன்னாடியே மேல தூக்கி நிறுத்தி அதிர்வைக் குறைக்கிற மிரர் லாக் இருந்தா அதையும் பயன்படுத்துங்க. நிக்கான் எஃப்எம்2 மாதிரி சில கேமராவில செல்ஃப் டைமர் போட்டாலே மிரர் முன்னாடியே மேல போயிடும்.

கிட்டத்துல எடுக்கிறதுக்கும் இது அருமையான சாதனம். லென்ஸ் எவ்வளவு கிட்டப் போகுமோ அந்தத் தூரம் மாறாது, படம் மட்டும் ரெண்டு மடங்கு பெருசா விழும். பட்டாம்பூச்சியை மிரட்டாம எடுக்கலாம். லென்ஸ்ல இருக்கிற தூர அளவும் அப்படியே சரியாத்தான் இருக்கும். எவ்வளவு ஆழத்துக்குப் படம் தெளிவா இருக்கும்னு லென்ஸ்ல காட்டுற டெப்த் ஆஃப் ஃபீல்டு கோடுகள் மட்டும் பொருந்தாது. வளையம் எஃப் 8-ல இருந்தா எஃப் 4-க்கான கோட்டைப் பாருங்க.

கடைசியா, எந்தக் கன்வெர்ட்டர் எந்த லென்ஸுக்குன்னு பார்த்து வாங்குங்க. நிக்கான்ல டிசி-200 குட்டை லென்ஸுகளுக்கு, டிசி-300 வந்து 300 எம்எம்மும் அதுக்கு மேலயும் இருக்கிற லென்ஸுகளுக்கு. இந்த டிசி-300-க்கு முன்கண்ணாடி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். உங்க 200-ல மாட்டினா பின்கண்ணாடியில போய் இடிக்கலாம். மாட்டும்போது எங்கயாவது தடுக்குதுன்னா அழுத்தித் திருப்பாதீங்க, உடனே வெளிய எடுத்துடுங்க.