குடல் சுருக்கம்: வீக்கமா, தழும்பா? எம்.ஆர்.ஐ. காட்டுவது என்ன?

[திரையில்: அடிவயிற்று எம்.ஆர்.ஐ. படம். வலது கீழ்ப்புறம் வட்டமிடப்பட்டுள்ளது]

குடலில் நாள்பட்ட அழற்சியை, அதாவது வீக்கத்தை, உண்டாக்கும் குரோன் நோயில் சிறுகுடலின் கடைசிப் பகுதி இப்படித்தான் தெரியும். நன்றாக விரிந்த குடலின் சுவர் 3 மி.மீ.க்கு மேல் தடித்திருக்காது. இங்கே 8 மி.மீ. உள்வழி நூலாக ஒடுங்கியிருக்கிறது. அதற்கு முந்தைய பகுதி 3 செ.மீ.க்கு மேல் உப்பிக் கிடக்கிறது.

சுருக்கம் இருக்கிறது, சரி. வீக்கமென்றால் மருந்துக்கு வற்றலாம். முற்றிய தழும்பை மருந்து கரைக்காது. பலூன் வைத்து விரிக்க வேண்டும், இல்லையென்றால் வெட்டி எடுக்க வேண்டும்.

[திரையில்: குடிக்கும் கரைசல், கடிகாரம்]

படம் எடுப்பதற்கு முன் நாலிலிருந்து ஆறு மணி நேரம் வெறும் வயிறு. பிறகு 1 முதல் 1.5 லிட்டர் மேனிட்டால் கரைசலை 45 முதல் 60 நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் குடல் உறிஞ்சிவிடும்; மேனிட்டால் அதை உள்ளேயே பிடித்துவைக்கும். மடமடவென்று குடித்தால் வாந்தி வரும். பாதியில் நிறுத்தினால் விரியாத குடல் தடித்த குடல் போலவே தெரிந்து ஏமாற்றும். முடிந்ததும் வயிறு போகும், கழிப்பறை பக்கத்தில் இருக்கட்டும்.

[திரையில்: குடல் அசையும் காட்சி]

குடல் அசைவை முதலில் பதிவு செய்ய வேண்டும். அசைவை நிறுத்தும் ஹயோசின் ஊசி அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால், ஒடுங்கிய இடம் நிஜமான சுருக்கமா, அந்த நேரத்துச் சுருங்கலா என்று பிரிக்க முடியாது.

கொழுப்பை மறைத்து எடுக்கும் டி2 படத்தில் (நீரைப் பளிச்சென்று காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) நீர் கோத்த சுவர் வெளுப்பாகத் தெரியும்; தழும்பு தசையைப் போலக் கறுப்பு.

[திரையில்: ஒரே சுவர், 70 விநாடி, 7 நிமிடம்]

அடுத்தது காடோலினியம் ஊசி, படத்தில் திசுவைப் பளிச்சிட வைக்கும் மருந்து. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அழற்சியுள்ள சுவர் மருந்தைச் சட்டென்று வாங்கிப் பளிச்சிடும். கொலாஜன் என்னும் நார்ப்புரதம் நிறைந்த தழும்பில் மருந்து மெதுவாக ஊறும், மெதுவாகத்தான் வடியும். அதனால்தான் ஊசி போட்ட 70 விநாடியில் ஒருமுறையும், 7 நிமிடத்தில் மறுபடியும் எடுக்கிறோம். அறுவையில் எடுத்த குடலோடு ஒப்பிட்ட 2015 பார்சிலோனா ஆய்வில், இந்த இடைவெளியில் பளிச்சிடல் 24 சதவீதத்துக்கு மேல் கூடினால் கடுமையான தழும்பு என்று கணித்தார்கள். இரண்டு முறையும் அதே இடத்தில் அளக்க வேண்டும். குடல் நகர்ந்துவிட்டால் கணக்கே பொய்.

நடைமுறையில் வீக்கமும் தழும்பும் ஒரே சுவரில் கலந்தேதான் இருக்கும். பளிச்சென்ற சுவரைப் பார்த்துத் தழும்பு இல்லை என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. அறிக்கையில் சுருக்கத்தின் நீளமும் இருக்கிறதா என்று பாருங்கள்: பலூன் பெரும்பாலும் 5 செ.மீ.க்கு உட்பட்டவற்றுக்குத்தான்.