சல்லாவோடு சேர்ந்துதான் சிரித்தார்கள்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, கேட்க வந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பேசவேண்டிய படம் 1964-ல் இஸ்ரேலில் வெளிவந்த 'சல்லா ஷபாத்தி'. பெரிய குடும்பத்தோடு விமானத்தில் வந்து இறங்கி, ஒரு வீட்டுக்காக அலையாய் அலையும் ஏழை யூதனைப் பற்றிய நகைச்சுவைப் படம். அதைப் பார்த்த மக்கள் சல்லாவை இளக்காரமாக நினைத்துச் சிரித்தார்களா, தங்களில் ஒருவனாக நினைத்துச் சிரித்தார்களா என்பது தலைப்பு. தங்களில் ஒருவனாக நினைத்துத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி கடுமையான குற்றச்சாட்டுகளை வைத்தார். சல்லா உழைக்க மாட்டான், சாராயம் குடிப்பான், நாளெல்லாம் பகடை உருட்டுவான், பெற்ற பெண்ணுக்கு விலை பேசுவான். அரபு நாடுகளிலிருந்து வந்த யூதன் என்றாலே இப்படித்தான் என்று படம் முத்திரை குத்துகிறது, அதற்குச் சிரித்தவர்கள் அந்த முத்திரைக்குக் கைதட்டினார்கள் என்றார். பாக்தாத் யூதக் குடும்பத்தில் பிறந்த ஆய்வாளர் எல்லா ஷோஹாட் 1989-ல் முன்வைத்த விமர்சனத்தையும் துணைக்கு அழைத்தார். அந்த விமர்சனம் லேசுப்பட்டதில்லை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது திரையில் இருப்பதை அலசுகிறது. நம் தலைப்பு திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றியது. அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று சகோதரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

1948-ல் இஸ்ரேல் உருவாகிறது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் அங்கிருந்த யூதர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிடுகிறது. யேமனிலிருந்து மட்டும் ஏறக்குறைய 50,000 பேர், ஈராக்கிலிருந்து 1,20,000 பேர் விமானம் விமானமாக வந்து இறங்குகிறார்கள். தங்க வீடு இல்லை. 1950-லிருந்து மாபரா என்ற தற்காலிக முகாம்களைத் திறக்கிறார்கள். கூடாரம், தகரக் கொட்டகை, கித்தான் போர்த்திய குடிசை, இவைதான் வீடு. 1951 முடியும்போது அந்த முகாம்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆசியாவிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களும் முகாமில் இருந்தார்கள், ஆனால் அவர்களுக்குச் சீக்கிரம் வெளியேற வழி கிடைத்தது. மற்றவர்களுக்குத் தற்காலிகம் என்பது பத்தாண்டு வரை நீண்டது. பாக்தாதில் கணக்கெழுதியவர் கையிலும் யேமனின் சனா நகரில் வெள்ளி நகை செய்தவர் கையிலும் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். வேலை வேண்டுமென்றால் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தயவு வேண்டும். அந்த அலுவலகத்தில் தயவு வேண்டுமென்றால் கட்சிக்காரரின் தயவு வேண்டும்.

இந்த முகாமிலிருந்து வந்தவர்கள்தான் ஐயா, 1964-ல் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்று இஸ்ரேலின் மக்கள்தொகை சுமார் 25 லட்சம். இந்தப் படத்துக்கு விற்ற டிக்கெட் ஏறக்குறைய 12 லட்சம். யூத மக்களில் கிட்டத்தட்ட சரிபாதி பேர் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள். அவர்கள் வராமல் இத்தனை டிக்கெட் விற்றிருக்க முடியுமா? தன்னை அவமானப்படுத்துகிற படத்துக்கு ஒருவன் தெரியாமல் ஒருமுறை போகலாம். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, கைக்காசு போட்டு, ஊரே திரண்டு போகுமா? போனவர்களுக்குத் தங்களைத்தான் கேலி செய்கிறார்கள் என்று புரியவில்லை என்று எதிரணி சொன்னால், ஏழைக்கு அறிவில்லை என்று சொல்வதாக ஆகிவிடும். அதைச் சகோதரியே விரும்பமாட்டார்.

சரி, எந்தெந்த இடத்தில் சிரிக்க வைக்கிறது இந்தப் படம்? தேர்தல் வருகிறது. முகாமை எட்டிப் பார்க்காத கட்சிக்காரர்கள் எல்லோரும் சல்லாவைத் தேடி வருகிறார்கள். எங்களுக்குப் போடு, வீடு வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சல்லா சரி என்கிறான். அந்த நாட்டில் கட்சிவாரியாகச் சீட்டு வைத்திருப்பார்கள், வேண்டிய சீட்டை எடுத்து உறைக்குள் போடவேண்டும். சல்லா உள்ளே போய் எல்லாக் கட்சிச் சீட்டையும் எடுத்து ஒரே உறைக்குள் திணிக்கிறான். எல்லோரிடமும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான்! வெள்ளந்தி மனிதனின் அறியாமை என்று இதை எதிரணி சொல்கிறது. ஓட்டுக்கு வீடு என்று பேரம் பேசிய கட்சிக்காரரை முகாமின் வாசலில் பார்த்தவர்களுக்கு அந்த உறை எப்படி இருந்திருக்கும்? பேசிய பேரம் அத்தனையும் ஒன்றுசேர்ந்து செல்லாத ஓட்டாகிப் போகிறது. நாடு பிறந்த நாளிலிருந்து ஒரே கட்சியின் தலைமையில் ஆட்சி நடந்த காலம் அது. பதினாறு வருடம் வாய்திறக்க முடியாதவர்கள் அன்று வாய்விட்டுச் சிரித்தார்கள்.

மரம் நடும் காட்சி இன்னொன்று. அமெரிக்காவிலிருந்து நன்கொடை தந்த பணக்காரர் காரில் வருகிறார். காட்டின் முன்னால் அவர் பெயரில் பலகை. அவர் மகிழ்ந்து கிளம்பியதும் அந்தப் பலகையைப் பிடுங்கிவிட்டு அடுத்த நன்கொடையாளர் பெயரை நட்டுவைக்கிறார்கள், காடு அதே காடு. அங்கே நின்ற அத்தனை பேரிலும் இது தப்பாயிற்றே என்று கொதிப்பவன் சோம்பேறி என்று பெயர் வாங்கிய சல்லா. கன்றை நடும் கூலிக்காரன் நியாயம் கேட்கிறான், பதவியில் இருப்பவர்கள் பலகை மாற்றுகிறார்கள். இதில் இளக்காரம் யார்மேல் விழுகிறது என்று நடுவர் ஐயாதான் சொல்லவேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி சமூகப் பணியாளர் வரும் காட்சி. படித்த இளம்பெண், சல்லாவின் குடும்பத்தைக் கேள்வி கேட்டுக் குறிப்பெடுக்க வருகிறாள். பேச்சுப் போக்கில் சல்லா அவளைக் கேட்க ஆரம்பித்துவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் அவள் தன் மனக்குறையை அவனிடம் கொட்டுகிறாள். கோப்பில் ஒரு பிரச்சினையாக எழுதப்பட வேண்டியவன் அவளுக்கு ஆறுதல் சொல்லும் பெரியவனாகிவிடுகிறான். முகாமில் எத்தனை குடும்பத்தை இப்படி விசாரித்திருப்பார்கள்! எத்தனை பிள்ளை, ஏன் வேலையில்லை, என்ன நோய் என்று முகம் பார்க்காமல் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். அந்த மக்கள் தங்கள் தகப்பனை, தங்கள் மாமனை, முதல் தடவையாகத் திரையின் நட்டநடுவில் கதாநாயகனாகப் பார்த்தார்கள். அதற்கு முன் வந்த இஸ்ரேலியப் படங்களில் கதாநாயகன் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்திய வீரன், அல்லது மண்ணைப் பண்படுத்தும் முன்னோடி. தகரக் கொட்டகைக்காரனுக்கு அங்கே இடமே இல்லை.

இப்போது எதிரணியின் பலமான வாதத்துக்கு வருகிறேன், பெண்ணுக்கு விலை பேசுவது. கேட்கவே கூசுகிறது, அதை நல்ல வழக்கம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் கதை எங்கே போய் முடிகிறது? சல்லாவின் மகளைக் காதலிப்பவன் கிபுட்ஸ் பையன். கிபுட்ஸ் என்றால் சொத்தெல்லாம் பொது, எல்லோரும் சமம் என்று வாழும் கூட்டுப்பண்ணை. அந்த லட்சியவாதிகள் சல்லாவைக் காட்டுமிராண்டி என்று திட்டிக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். அடுத்து சல்லாவின் மகன் கிபுட்ஸ் பெண்ணைக் கட்ட வரும்போது, அதே லட்சியவாதிகள் எங்கள் பெண்ணுக்கு விலை என்ன என்று அதே தொகையைத் திருப்பிக் கேட்கிறார்கள்! சல்லா பழக்கத்தால் செய்ததை இவர்கள் கொள்கை பேசிக்கொண்டே செய்கிறார்கள். சமத்துவம் பேசிய கிபுட்ஸில் முகாம்காரனுக்குக் கூலி வேலையைத் தவிர இடம் இருந்ததா என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

சோம்பேறி என்றார்கள். சல்லாவோடு உட்கார்ந்து பகடை உருட்டுபவர் பெயர் கோல்ட்ஸ்டைன். ஐரோப்பிய யூதர். சல்லாவுக்கு முன்பே வந்து, பக்கத்துக் குடிசையில் கிடப்பவர். சும்மா இருப்பது அரபு நாட்டிலிருந்து வந்தவனின் ரத்தத்தில் ஊறியது என்று படம் சொல்லுமானால், கோல்ட்ஸ்டைனுக்கு அந்தப் பகடைப் பலகைக்கு எதிரே என்ன வேலை? நாளைக்கு வீடு, நாளைக்கு வேலை என்று வருடக்கணக்கில் காத்திருக்க வைத்தால் எந்த ஊர்க்காரனும் பகடைதான் உருட்டுவான். எதிரணியில் ஒருவர்கூட கோல்ட்ஸ்டைன் பெயரை எடுக்கவில்லை.

படத்தைப் பார்த்துக் கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். அது யார் என்பது முக்கியம். கிபுட்ஸ் தரப்பில் கோபப்பட்டார்கள். இஸ்ரேலிய விமர்சகர்கள் பலர் படத்தை மலிவானது என்று தள்ளினார்கள். வெளியுலகில் நாட்டின் பெயர் என்னாகும் என்று மேலிடத்தில் கவலைப்பட்டார்கள். கடைசியில் அந்தப் படம்தான் ஆஸ்கருக்குப் பரிந்துரை பெற்ற முதல் இஸ்ரேலியப் படமானது, கோல்டன் குளோப் விருதும் வாங்கியது. சுட்டது யாரை என்று கோபம் காட்டிக் கொடுக்கிறது. முகாம்காரன் சிரித்தான், முகாமை நடத்தியவர்கள் முகம் சுளித்தார்கள்.

அதே 1964-ல் வேறொன்றும் நடந்தது. நம் மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையிலிருந்து போன பெனே இஸ்ரேல் யூதர்களின் திருமணங்களுக்கு, பூர்வீகத்தை விசாரிக்க வேண்டும் என்று தலைமை மதகுருமார்கள் தடை போட்டிருந்தார்கள். அந்த மக்கள் ஜெருசலேமுக்கு வந்து அமர்ந்து போராடினார்கள். நாடாளுமன்றம் தலையிட்டு, இவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று சொல்ல வேண்டி வந்தது. வந்தவர்களின் மானம் இப்படித் தெருவில் பேசப்பட்ட வருடத்தில்தான் இந்தப் படம் ஓடியது. சாதாரண மக்களுக்கு வெறும் பொழுதுபோக்காக மட்டும் அது இருந்திருக்க முடியாது.

ஒன்றை நான் மறுக்கவில்லை. சல்லாவாக நடித்த ஹைம் டோப்போல் டெல் அவீவில் போலந்து வழிக் குடும்பத்தில் பிறந்தவர். முப்பது வயதுகூட ஆகாத அவர் பல பிள்ளை பெற்ற தகப்பனாக நடித்தார். ஒரு ஈராக்கிய நடிகருக்கோ மொராக்கோ நடிகருக்கோ அந்த வேடம் போயிருக்க வேண்டும் என்று ஏங்கினால் அந்த ஏக்கம் நியாயமானது. சல்லா எந்த நாட்டிலிருந்து வந்தான் என்றே படம் சொல்லவில்லை, அதுவும் உறுத்தல்தான். ஆனால் எழுதி இயக்கிய எஃப்ரைம் கிஷோனை வெளியாள் என்று சகோதரி சொன்னது சரியில்லை. புடாபெஸ்டில் பிறந்து, நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பி, 1949-ல் கையில் ஒன்றுமில்லாமல் வந்து ஹைஃபா பக்கத்தில் குடியேற்ற முகாமில் தங்கியவர் அவர். எபிரேய மொழியை வந்த பிறகுதான் கற்றார். மனிதனைப் படிவமாகப் பார்க்கும் மேசையின் எந்தப் பக்கத்தில் அவர் நின்றார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம், இந்தப் படத்தைப் பார்த்து வரிசையாக வந்த மலிவான சிரிப்புப் படங்களைக் காட்டினார்கள். நகல் எடுத்தவர்கள் கோபத்தை விட்டுவிட்டு உச்சரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு 1964-ன் பார்வையாளர் எப்படிப் பொறுப்பாவார்?

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். இந்த நாட்டில் எது வேண்டுமென்று கேட்கிறாயோ அது கிடைக்காது, எது வேண்டாம் என்கிறாயோ அதைத்தான் தருவார்கள் என்று சல்லாவுக்குப் புரிகிறது. முகாம் மக்களைத் திரட்டி, வீடு வேண்டாம், முகாமே போதும் என்று ஆர்ப்பாட்டம் செய்கிறான். உடனே போலீஸ் வருகிறது, ஆட்களைப் பலவந்தமாகக் கொண்டுபோய்ப் புது வீட்டில் குடிவைக்கிறது! ஐந்து வருடம் முன்னால், 1959-ல், ஹைஃபாவின் வாடி சாலிப் பகுதியில் ஒரு காப்பிக் கடையில் போலீஸ் ஒரு மொராக்கோ யூதரைச் சுட, அந்த ஏழைக் குடியிருப்பே கொந்தளித்து எழுந்தது. போலீஸ் எதற்கு வரும் என்று அந்தப் பார்வையாளருக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கண்முன்னால், திரையில், அதே போலீஸ் ஏழையை இழுத்துக்கொண்டுபோய் வீட்டுக்குள் விடுகிறது. எந்த மனிதன் அதற்குச் சல்லாவைப் பார்த்துச் சிரிப்பான்?

ஏழு வருடம் கழித்து, 1971-ல், முகாமிலும் சேரியிலும் வளர்ந்த பிள்ளைகள் ஜெருசலேமின் முஸ்ராராவில் கருஞ்சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் வேலைக்கும் தெருவில் இறங்கினார்கள். அவர்களைச் சந்தித்த பிரதமர் கோல்டா மெயர், இவர்கள் நல்ல பிள்ளைகள் இல்லை என்றார். நடுவர் ஐயா, அதிகாரிகளின் கண்ணில் சல்லாவும் நல்ல பிள்ளையாக இருக்க மறுத்தவன்தான். அந்த மறுப்புக்குக் கைதட்டிய 12 லட்சம் டிக்கெட்டை எதிரணி அவமானம் என்கிறது, நான் ஆதரவு என்கிறேன். தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.